எஞ்சின் உண்டியல்

ஜூன் 3

தம்பிக்கு,

எஞ்சின் உண்டியலை நீ உடைத்துவிட்டாய். என்னைக் கேட்கவில்லை, நாம் மீசை என்று கூப்பிடுகிற தலைமை எஞ்சினியரைக் கேட்கவில்லை. நம் விமானம் ஒவ்வொரு தடவை தரையிறங்கும்போதும் நான் எடுத்து எடுத்து வைத்த பணத்தை மூன்று புது ஜெட்டுகளுக்கு முன்பணமாகக் கட்டிவிட்டாய். அதை ஆண்டறிக்கையில் அச்சடித்து எனக்கே அனுப்பியும் வைத்திருக்கிறாய்.

'உபரி ரொக்கம் வளர்ச்சிக்காகத் திருப்பப்பட்டது' என்று போட்டிருக்கிறது. அடுத்த மாத வாடகைக்கென்று எடுத்து வைத்த பணம் பையில் இருந்தால் அதற்குப் பெயர் உபரியா?

மூலதனச் செலவு போன வருடத்தைவிட நான்கு மடங்கு. அதே பக்கத்தில் லாபம் என்று ஒரு எண். எனக்குக் கல்லூரிப் படிப்பு கிடையாது, ஆனால் கணக்கு படிக்கத் தெரியும். ஆள் ஏற்றிப் பறந்ததில் நமக்கு நஷ்டம். ஓடுபாதைக்குப் பின்னால் இருந்த நிலத்தை விற்ற பணத்தைச் சேர்த்து லாபம் காட்டியிருக்கிறாய். வழவழ அட்டையில் ஜெட் படம். நமக்குச் சோறு போடுகிற ஆறு புரொப்பெல்லர் விமானங்களில் ஒன்றுக்குக்கூட அதில் இடமில்லை.

ஜூலைக் கடைசியில் பொதுக்கூட்டம். இரண்டாம் தவணைக்கு வங்கிக் கடன் வாங்க என் கையெழுத்து வேண்டும், கம்பெனியில் மூன்றில் ஒரு பங்கு என் பெயரில் இருப்பதால். போட மாட்டேன். உண்டியல் நிறைய வேண்டும். நீ நிர்வாக இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கட்டும், பிறகு பேனாவைத் திறக்கிறேன்.

நம் முதல் விமானம், மூத்தது, அதன் இடது எஞ்சினை இந்த மாதம் பிரித்துச் சரிபார்க்க வேண்டிய கெடு. எந்தப் பணத்தில் செய்யப் போகிறாய்?

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். பதில் இருந்தால் கம்பெனிப் பையில் போடு. பைலட் சீட்டுக்குப் பின்னால் தொங்குகிற அந்தக் கான்வாஸ் பை இன்னும் இருக்கிறது என்று நம்புகிறேன். அதையும் உபரி என்று விற்றிருந்தால் தகவல் சொல்.

அக்கா


ஜூன் 8

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் எழுப்பியுள்ள கேள்விகளுக்கு நிர்வாகத்தின் விளக்கம் பின்வருமாறு.

நமக்கு அதிக வருமானம் தந்த இரண்டு தடங்களிலும் சென்ற ஆண்டு புதிய நிறுவனம் ஒன்று ஜெட் விமானங்களுடன் இறங்கியுள்ளது. நாம் ஒன்றரை மணி நேரத்தில் சேர்க்கும் ஊருக்கு அவர்கள் நாற்பது நிமிடத்தில் சேர்க்கிறார்கள். அவர்கள் டிக்கெட் விலை நம் எரிபொருள் செலவுக்கும் கீழே. நாம் இப்படியே இருந்தால் அடுத்த ஆண்டறிக்கையில் காட்டுவதற்கு விற்க நிலமும் இருக்காது. மூன்று ஜெட்டுகளாக வாங்கினால்தான் விலை கட்டுப்படியாகும் என்பதால் முன்பணம் உடனே கட்ட வேண்டியிருந்தது.

தாங்கள் 'உண்டியல்' என்று குறிப்பிடும் பெயரில் நம் கணக்கில் எந்தத் தலைப்பும் இல்லை. 'இதர' என்ற தலைப்பின் கீழ் விளக்கம் எதுவுமின்றிக் குறைந்த வட்டியில் பெருந்தொகை முடங்கியிருப்பதை நிதி அதிகாரி கண்டறிந்தார். தணிக்கையாளரும் அதைப் பயன்படுத்துவதற்கு ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

சென்ற கூட்டத்தில் தாங்கள் கோப்பை மேசையில் எறிந்துவிட்டு வெளியேறிய விதம் வங்கிப் பிரதிநிதிகளிடையே வருந்தத்தக்க எண்ணத்தை ஏற்படுத்தியது என்பதையும் பதிவு செய்ய விரும்புகிறேன். தாங்கள் கடனுக்கான ஒப்புதலில் கையெழுத்திட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
நிர்வாக இயக்குநர்

(கீழே பேனாவால்) முழங்கால் எப்படி இருக்கிறது?


ஜூன் 12

தம்பிக்கு,

நான் உனக்கு எப்போது 'தாங்கள்' ஆனேன்? சின்ன வயதில் உன் மூக்கைத் துடைத்துவிட்டவளைத் தாங்கள் என்கிறாய். திட்டுவதென்றால் 'நீ' போட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். மரியாதை கொடுத்து வாசலில் நிறுத்தாதே.

முழங்காலைக் கேட்டது நிர்வாக இயக்குநர் என்றால் பதில் கிடையாது. நீ கேட்டிருந்தால், படி இறங்கும்போது வலிக்கிறது.

நான் கோப்பை எறிந்ததை எழுதினாய். அதற்கு முன் நடந்ததை ஏன் விட்டாய்? நான் எழுந்து, "உண்டியல்ல இருந்த பணம் எங்க?" என்று ஒரே கேள்விதான் கேட்டேன். கழுத்தில் டை கட்டிய உன் நிதி அதிகாரி சொன்னார்: "மேடம், இது ஏர்லைன். உண்டியல் எல்லாம் ஸ்கூல் பசங்க வச்சிருப்பாங்க." மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரித்ததில் எனக்கு வருத்தமில்லை, அவருக்கு நான் யாரோ. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். கோப்பு அதற்குத்தான் பறந்தது.

அந்தப் பெயரை வைத்தது யார்? அப்பாவின் லாரி ஷெட்டை விற்று நீயும் நானும் மூத்ததை வாங்கினோம். டிக்கெட் கிழித்தது நான், ஆள் பிடித்தது நீ. எஞ்சின் கெடு வந்தபோது கையில் காசில்லை. மூத்தது ஓடுபாதை ஓரத்தில் அனாதை மாதிரி நின்றது, சக்கரக் குழியில் குருவி கூடு கட்டியது. நீ உதிரிபாக அறையில் டயரின் மேல் உட்கார்ந்து அழுதாய். அது மறுபடி பறந்த அன்று நான் சொன்னேன், இனிமேல் வண்டி இறங்கினால் முதல் பங்கு எஞ்சினுக்கு, மிச்சத்தில்தான் நம் வயிறு என்று. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் கவுண்டர் கதவைத் தட்டிக் கேட்பாயே, "அக்கா, உண்டியல்ல போட்டாச்சா?" என்று. உன் வாயிலிருந்து வந்த பெயர் அது. மெக்கானிக்குகள் என்னை உண்டியலம்மா என்று கூப்பிட ஆரம்பித்ததும் உன்னால்தான்.

ஜெட் வாங்காதே என்று நான் எப்போது சொன்னேன்? ஓடுகிற விமானத்தின் எஞ்சினைத் தின்று வாங்காதே என்றேன். என் நிபந்தனைகள் அப்படியே நிற்கின்றன.

அக்கா


ஜூன் 20

அக்கா,

கையால் எழுதுகிறேன். தட்டச்சுப் பண்ணினால் டைக்காரர் படித்துப் பார்த்துத் திருத்துகிறார். முந்தைய கடிதத்தில் பாதி அவருடைய தமிழ்.

சிரித்தது உண்மை. எனக்கு எதிரே வங்கிக்காரர்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் சிரித்தபோது நான் சிரிக்காமல் இருந்தால் பயந்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். நான் பயந்துதான் இருந்தேன். எட்டு மாதமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் எதிர்க் கம்பெனியின் ஜெட் நம் கண்ணாடிக்கு முன்னால் நிரம்பிக் கிளம்புகிறது, நம்முடையது பாதிக் காலியாகப் போகிறது. சம்பளத் தேதிக்கு முந்தின இரவு எழுந்து உட்கார்ந்து கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டுகிறேன். நீ நம் விமானம் போகிற கடைசி ஊரில் வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டாய். இங்கே விமானம் பழுது பார்க்கும் ஹாங்கரில் தினமும் முந்நூறு முகத்தைப் பார்ப்பது நான்.

மூத்ததின் இடது எஞ்சினுக்கு இப்போது பணம் இல்லை. ஒளிக்க விரும்பவில்லை. கெடுவை நீட்டித் தரும்படி விண்ணப்பித்தோம், கிடைத்துவிட்டது. சட்டத்தில் இடம் இருக்கிறது, எல்லாக் கம்பெனியும் செய்வதுதான். மீசை மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு வந்து, "சட்டப்படி சரி. கையெழுத்துப் போடறேன். என்னைச் சந்தோஷமாப் போடச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

கடன் வந்ததும் முதல் வேலையாக அந்த எஞ்சினைச் செய்கிறேன். உன் கையெழுத்து வந்தால் கடன் வரும். இருபத்தேழாம் தேதி நானே பத்திரத்தை எடுத்துக்கொண்டு வருகிறேன். மூத்ததில்தான் வருவேன், நம்பிக்கை இருப்பதால்.

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

நீட்டினாயா!

கெடுவை நீட்டியது காகிதத்தில். சட்டம் இடம் கொடுத்தது எஞ்சினுக்குத் தெரியாது.

உன் கடிதத்தை இங்கே விமானநிலையக் கவுண்டரிலேயே நின்று படித்தேன். கவுண்டர் பெண் பயந்துபோய், "என்னம்மா, வீட்ல யாருக்காவது முடியலயா?" என்று கேட்டாள். "ஆமா, மூத்ததுக்கு" என்றேன். அவளுக்கும் புரிந்துவிட்டது. இங்கே எல்லாரும் அதை அப்படித்தான் சொல்கிறார்கள்.

முந்நூறு முகம் என்று எனக்குப் பாடம் எடுக்காதே. அதில் பாதிப் பேரை வேலைக்கு எடுத்தது நான். மூத்ததில் நாற்பது இருக்கை. அந்த முகங்களையும் எண்ணிக்கொள்.

மூத்ததைத் தரையில் நிறுத்து. ஒருவரையும் ஏற்றாதே. நீயும் ஏறாதே. பத்திரத்தோடு இங்கே வந்தால் கதவு திறக்காது.

பை சாயங்கால விமானத்தில் போகிறது, இன்றே உன் கையில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்று பிறகு சொல்லாதே.

அக்கா


ஜூன் 29

அக்கா,

இந்தக் கடிதம் பேருந்தில் வருவதைப் பார்த்தே உனக்குப் பாதி தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

உன் கடிதம் அன்றே கிடைத்தது. இருபத்தேழாம் தேதி அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் ஏறினேன். ஐந்தாம் வரிசை, இடது ஜன்னல். பக்கத்தில் ஒரு எலக்ட்ரீஷியன், மடியில் கருவிப் பெட்டி. மலை தெரிய ஆரம்பித்த நேரத்தில் சத்தம் மாறியது. அவர்தான் முதலில் பார்த்தார்.

"சார், இந்தப் பக்கம் காத்தாடி நின்னுடுச்சு. அப்பப்ப நிறுத்துவாங்களா?"

"ஆமா, நிறுத்துவாங்க" என்றேன்.

"நீங்க இதுல அடிக்கடி போறவரா?"

"ஆமா."

"அப்ப சரி. நீங்க பயப்படாம உட்கார்ந்திருக்கிறதப் பார்த்தா எனக்கும் தைரியமா இருக்கு."

என் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தேன் அக்கா, அவருக்குத் தெரியக் கூடாதென்று. கம்பெனி என்னுடையது என்று சொல்லவில்லை.

கேப்டன் அம்மா நிதானமாக அறிவித்தார். ஆயில் அழுத்தம் குறைந்ததால் ஓர் எஞ்சினை நிறுத்தியிருக்கிறோம், ஒன்றே போதும், கிளம்பிய இடத்துக்கே திரும்புகிறோம் என்றார். திரும்பினோம். இறங்கினோம். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. எலக்ட்ரீஷியன் என் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மீசை ஏணி போட்டு எஞ்சினுக்கு அடியில் நின்றார். ஆயில் அவர் தோளில் சொட்டியது, துடைக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூத்தது நின்றுவிட்டது. மற்ற ஐந்தையும் நல்ல தடங்களில் போட வேண்டியிருப்பதால் உன் ஊருக்கு விமானம் ரத்து. ஆனாலும் ஜெட் வேண்டாமென்று நான் இப்போதும் சொல்லவில்லை. இரண்டாம் தவணை கட்டாவிட்டால் முன்பணமும் போய்விடும். அப்போது எஞ்சினும் இல்லை, ஜெட்டும் இல்லை. கையெழுத்து வேண்டும்.

தம்பி


ஜூலை 4

தம்பிக்கு,

இருபத்தேழாம் தேதி நான் விமானநிலையத்தில் இருந்தேன். வராதே என்று எழுதியவள் எதற்கு அங்கே போனாள் என்று கேட்காதே. ஆட்டோவை நிறுத்தி வைத்திருந்தேன். இறங்க வேண்டிய நேரம் தாண்டியது. கவுண்டர் பெண் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் பேனாக்களை அடுக்கினாள். "என்னடி, சொல்லித் தொலை" என்றேன். "திரும்பிப் போயிடுச்சும்மா. நல்லபடியா இறங்கிடுச்சு" என்றாள். இரண்டு வாக்கியத்தையும் முன்பின்னாக மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்த இடைவெளியில் எனக்கு நடந்ததை நான் உனக்கு எழுதப்போவதில்லை.

இப்போது கவுண்டர் பூட்டியிருக்கிறது. வியாழக்கிழமை விமானத்தில் வந்துகொண்டிருந்த கண் டாக்டர் வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் தெருவில் என்னை நிறுத்தி, "உங்க தம்பி கம்பெனி என்னாச்சு?" என்கிறார். என் கம்பெனியும்தான் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இதைக் காட்டி என்னை இறங்கிவர வைக்கலாம் என்று நினைக்காதே. கடன் வாங்கி மூன்று ஜெட்டையும் எடுத்தால், அடுத்து நடுவில் வாங்கிய நடுவுலதின் எஞ்சின், அதற்கடுத்துக் கடைசியாக வாங்கிய கடைக்குட்டியின் எஞ்சின். எல்லாவற்றுக்கும் கெடு நீட்டிக்கொண்டே போவாயா? ஒவ்வொரு தடவையும் ஐந்தாம் வரிசையில் நீ உட்கார்ந்து தைரியம் சொல்வாயா?

கையெழுத்து கிடையாது. நாற்காலியைப் பற்றிச் சொன்னதும் மாறவில்லை. கூட்டத்துக்கு நான் வரப்போவதுமில்லை. என்னைப் பார்த்துச் சிரித்த கட்டடத்தில் இனிக் கால் வைக்க மாட்டேன்.

அக்கா


ஜூலை 14

அக்கா,

விமானம் செய்கிறவர்களின் நகரத்து அலுவலகத்தில் ஒன்பது நாள் பேரம். முன்பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். முட்டி மோதிக் கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மூன்று ஜெட்டை ஒன்றாகக் குறைக்கலாம், இரண்டு வருடம் கழித்து எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒன்றுக்குரிய முன்பணமும் அபராதமும் போக மிச்சத்தைத் தருவார்கள். அது மூத்ததின் எஞ்சினுக்கும் நடுவுலதின் எஞ்சினுக்கும் போதும். கடைக்குட்டிக்குப் போதாது. அபராதம் இந்த வருட நஷ்டத்தில் ஏறும், அறிக்கை அசிங்கமாகத்தான் இருக்கும். புது ஒப்பந்தத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், இதற்கும் உன் கையெழுத்து வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நீ சொல்லும் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். கோபப்படு, ஆனால் கடைசிவரை படி. உண்டியல் என்று நான் பெயர் வைத்தேன். நீ கணக்கில் 'இதர' என்று எழுதினாய். தினமும் பணம் போட்டவள் ஒருநாள்கூட அது எதற்கு என்று எழுதவில்லை. நமக்கு எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை, ஹாங்கரைக் கூட்டுகிறவருக்கும் தெரிந்திருந்தது. வெளியிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? டைக்காரர் திருடரில்லை அக்கா. நேற்று அவரை உட்கார வைத்து மூத்தது ஓரத்தில் நின்ற கதையைச் சொன்னேன். கணக்குப் புத்தகத்தை எடுத்து 'இதர' வரியைத் தேடிப் பார்த்துவிட்டு, "இத என்கிட்ட யாருமே சொல்லல சார்" என்றார். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் 'உபரி' என்று எழுதியபோது பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழி என்னுடையது. 'இதர' உன்னுடையது.

இங்கே எல்லாரும் நலம்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

உன் கடிதம் பேருந்துக் கூரையில் நனைந்து வந்தது. விசிறிக்கு அடியில் காய வைத்துப் படித்தேன். இரண்டு நாள் பதில் எழுதவில்லை. 'இதர' பற்றி என் பதில் அந்த இரண்டு நாள்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதே.

'இங்கே எல்லாரும் நலம்' என்று எழுதினாயே, அது பொய். மீசை பேருந்து பிடித்து என்னைப் பார்க்க வந்திருந்தார். இருபத்தேழாம் தேதிக்குப் பிறகு நீ விமானத்தில் ஏறவே இல்லையாம். அந்தப் பேரத்துக்குக்கூட ரயிலில் போய் ரயிலில் வந்திருக்கிறாய். "படிக்கட்டு வரைக்கும் வர்றார்மா. அப்புறம் போன் வந்த மாதிரி திரும்பிடறார்" என்றார். விமானக் கம்பெனி நடத்துகிறவன் ரயிலில் போவதை எதிர்க் கம்பெனிக்காரன் பார்த்தால் விளம்பரமே போடுவான்.

இனி ஆக வேண்டியது.

மூன்று ஜெட் ஒன்றாகக் குறைய வேண்டும். ஒப்பந்தத்தில் நீ கையெழுத்துப் போடு. என் கையெழுத்து இந்த உறையில் இருக்கிறது, கடைசிப் பக்கம். அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.

மூத்ததின் எஞ்சினை மீசை பிரிக்க வேண்டும். சரியாகிவிட்டது என்று அவர் வாயால் சொல்லும்வரை யாரும் தேதி கேட்கக் கூடாது, முக்கியமாக நீ. கெடு நீட்டும் விண்ணப்பம் இனி நம் கம்பெனியிலிருந்து போகாது. அவர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிற காகிதம் மட்டும் போகட்டும்.

கடைக்குட்டிக்குக் குறைகிற பணம், இந்த வருடமும் அடுத்த வருடமும் என் பங்குக்கு வர வேண்டிய லாபத்திலிருந்து. லாபமே வராது என்பாய். வரவைக்க வேண்டியது உன் வேலை.

அபராதத்தையும் நஷ்டத்தையும் டைக்காரர் அறிக்கையின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டும். அட்டையில் மூத்ததின் படம். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. தினமும் சாயங்காலம் கவுண்டர் கதவைத் தட்டி, "உண்டியல்ல போட்டாச்சா?" என்று கேட்க வேண்டும், எல்லாருக்கும் காதில் விழுகிற மாதிரி.

கணக்கில் 'இதர' என்ற வரியை அடித்துவிட்டு, 'எஞ்சின் உண்டியல்: எஞ்சினைத் தவிர வேறெதற்கும் தொடக் கூடாது' என்று எழுத வேண்டும். அதைப் பொதுக்கூட்டத் தீர்மானமாக்க வேண்டும். எழுத வேண்டியது நான். என் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். அதற்காகக் கூட்டத்துக்கு வருகிறேன், பேருந்தில். முழங்காலுக்கு முன்சீட் பார்த்துவிட்டேன்.

ராஜினாமாவைக் கிழிக்க வேண்டியது நீ. நான் வந்து கிழித்தால் இரண்டு பேருக்கும் சத்தம் போட வேண்டிவரும்.

மூத்தது மறுபடி பறக்கிற முதல் நாள், இந்த ஊருக்கே வர வேண்டும். கவுண்டர் பெண்ணுக்கும் கண் டாக்டருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்வது உன் ஆபீஸ். ஐந்தாம் வரிசை, இடது ஜன்னலில் நீ உட்கார வேண்டும். படிக்கட்டில் போன் வந்தால் எடுக்கக் கூடாது.

பக்கத்து இருக்கை எனக்கு. டிக்கெட்டைப் போட்டு வை.

அக்கா